நாலாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழைய வீடு பார்க்க அழைத்துப் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

நாலாம் வகுப்பு டீச்சர்:

காரைக்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து 34 பிள்ளைகள். அடுத்த மாதம் ஒரு நாள் இவர்களைப் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றுக்கு அழைத்துப் போக வேண்டும். தலைமையாசிரியர் சரி என்றுவிட்டார், வேனும் பேசியாகிவிட்டது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம் போன வருடச் சுற்றுலா.

போன வருடம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒரு பெரிய வீட்டுக்குப் போனோம். எந்த வீடு என்று சொல்லப் போவதில்லை. வாசலில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை ‘தொடாதே, உட்காராதே, ஓடாதே’ என்று காவலாளி எங்கள் பின்னாலேயே வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது பிள்ளைகளைக் கண்டால் யாருக்கும் வயிறு கலங்கும். ஒரு பையன் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான், கை எட்டுகிறதா என்று. அதற்கும் அதட்டல். மறுநாள் வகுப்பில், பார்த்ததைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னேன். பாதிப் பேர் வாசலில் விற்ற கப் ஐஸைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒருவன் எழுதியது எனக்கு மனப்பாடம்: ‘வீடு பெரியது. ஐஸ் நன்றாக இருந்தது. வீட்டில் ஆள் இல்லை. ஐஸ்காரர் இருந்தார்.’

‘வீட்டில் ஆள் இல்லை’ என்று அவன் எழுதியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதனால் இந்த முறை பிள்ளைகள் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். நூறு வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு நாள் எப்படி விடிந்தது, யார் முதலில் எழுந்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, சோறு எப்படி வெந்தது, இதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தொட்டுப் பார்க்க விடுகிற வீடு ஏதாவது இருக்கிறதா? ஆத்தங்குடியில் தளக்கல் செய்யும் இடத்தில் பிள்ளைகளை விடுவார்களா? வெள்ளைக்காரன் காலம் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. என் வகுப்பில் அப்படிப்பட்ட வீட்டுக்குச் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. இவர்களுடைய பாட்டிமார் அந்த வீடுகளில் நெல் குத்தியவர்கள், பாத்திரம் தேய்த்தவர்கள். ‘பார், எவ்வளவு பெரிய வீடு’ என்று நான் கையை நீட்டிக் காட்டும்போது, அந்தப் பிள்ளை தன்னை அந்த வீட்டில் எங்கே வைத்துப் பார்க்கும்?

தேவகோட்டை ஆச்சி:

டீச்சருக்கு வணக்கம். எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

டிக்கெட் வீட்டுக்குப் போகாதீர்கள். ஊருக்குள் காவலுக்கு ஒரு குடும்பம் மட்டும் இருக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. அந்தப் பங்காளிகளில் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஒருவர் சரி என்று இன்னொருவர் முறைத்துக்கொண்டால் வம்பு, ஆகையால் மூத்தவரையே கேளுங்கள். கல்யாண மாதத்தில் போகாதீர்கள். சில வீடுகளைத் திறப்பதே அதற்குத்தான், அப்போது உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லாதீர்கள், கழுத்து வலித்தால் ஐஸ் ஞாபகம்தான் வரும். பட்டாலையில், அதாவது முன்கட்டுக் கூடத்தில், மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். சித்திரை வெயிலிலும் அந்தத் தரை சில்லென்று இருக்கும். முதுகில் அந்தக் குளிர்ச்சி ஏறும்போது மேலே பார்த்தால் மரவேலைப்பாடு தானாகக் கண்ணில் படும். சுவரைத் தடவிப் பார்க்கட்டும், கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது. முட்டை என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள். நானும் சின்ன வயதில் முகர்ந்து பார்த்தவள்தான்.

வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி இருக்கிற அறைகளை எண்ணச் சொல்லுங்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணம் ஆனதும் ‘வேறு வைத்து’விடுவார்கள். அரிசி பருப்பு தனி, அடுப்பு தனி, கணக்கு தனி. ஒரே கூரைக்குக் கீழே ஏழெட்டு அடுப்பு எரியும். இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, ஆனால் பிள்ளைகளுக்குப் புரியும். யார் வீட்டுக் குழம்பு வாசனை தூக்கலாக இருக்கிறது என்பதில்தான் எங்களுக்குள் பாதிச் சண்டை.

உலக்கையைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், காலில் போட்டுக்கொள்வார்கள். திருகை பாதகமில்லை. இரண்டு பேராக உட்கார்ந்து உளுந்து உடைக்கட்டும். படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று வரிசையாக வைத்து அரிசி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. உங்கள் கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

வெள்ளைக்காரன் காலத்தைச் சொல்லத் தூணைக் காட்டுங்கள். அது பர்மாத் தேக்கு. என் ஐயா பர்மாவிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவார். எங்கள் ஆட்கள் சேர்ந்து தொழில் செய்யும் கிட்டங்கியில், பணப்பெட்டி வைத்த பெட்டியடியிலேயே படுத்து, கணக்கு எழுதி, வட்டி வாங்கிச் சம்பாதித்த காசு. 1942-இல் ஜப்பான்காரன் படை வந்தபோது காடு மலை என்று பாராமல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். போகும்போது கப்பலில் போனவர், வரும்போது செருப்புகூட இல்லை. இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்கும்.

முக்கியமான ஒன்று: கக்கூஸ். முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் பின்கட்டுக்கு அப்பால்.

கோட்டையூர்க்காரன்:

எல்லாம் சரி. ஆனால் அடிமைப்பட்ட காலத்தைப் பற்றிப் பாடம் நடத்த வட்டிக் கடைக்காரர்களின் மாளிகைதானா கிடைத்தது? பக்கத்தில் திருப்பத்தூர் இருக்கிறது. மருது சகோதரர்களைத் தூக்கில் போட்ட ஊர். அங்கே அழைத்துப் போங்கள். 1927-இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோதே, இந்த வீடுகளில் அடைந்து கிடந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்துக் கடிந்து பேசினார். நீங்கள் அதே சாமான்களைக் காட்டப் பிள்ளைகளை வேன் வைத்துக் கூட்டிப் போகிறீர்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர்:

ஆச்சி, பட்டாலையில் படுக்கும் யோசனைக்குக் கோடிப் புண்ணியம். கக்கூஸ் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை.

கோட்டையூர் அண்ணனுக்கு: திருப்பத்தூருக்கு அக்டோபர் மாதம் போகிறோம். 1801 அக்டோபர் 24 என்று கரும்பலகையில் வருடாவருடம் எழுதுகிறேன். ஆனால் தூக்குமேடையைப் பற்றி ஒரு முறை சொன்னதற்கு மூன்று பிள்ளைகள் இரவில் தூங்கவில்லை, அம்மாமார் பள்ளிக்கே வந்துவிட்டார்கள். அதனால் அதற்குத் தனி நாள், தனிப் பக்குவம்.

இருந்தாலும் நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரிதான். காசு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் தேக்கை மட்டும் காட்டுவது பொய் சொல்வதற்குச் சமம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பர்மா அரிசிக்குக் கிராக்கி ஏறியது. காட்டைத் திருத்தி நெல் போட்ட பர்மிய விவசாயிக்கு வெள்ளைக்கார பாங்க் கடன் கொடுக்காது, நம்மூர்ச் செட்டியார்கள் கொடுத்தார்கள். 1930-இல் நெல் விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, நிலம்தான் வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இவர்கள் கைக்கு வந்துவிட்டது. இதை ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வழி யோசித்திருக்கிறேன்: பத்துப் புளியங்கொட்டை கடன் கொடுத்துப் பன்னிரண்டாகத் திருப்பிக் கேட்கும் விளையாட்டு. தோற்றவனின் பலகை கைமாறும். அழுகை நிச்சயம்.

ரிச்மண்ட்வாசி:

சொந்த ஊர் கண்டனூர், இருப்பது அமெரிக்காவில் வர்ஜீனியா. டீச்சர் முதலில் எழுதியதில் கடைசியாகக் கேட்ட கேள்விக்காக எழுதுகிறேன்.

இங்கே நாலாம் வகுப்பில் மாநில வரலாறு பாடம். என் மகளின் வகுப்பை வில்லியம்ஸ்பர்க் அழைத்துப் போனார்கள், துணைக்கு நானும் போனேன். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த ஊர். பிறகு தூங்கிப்போன ஊரை 1926-இலிருந்து ராக்பெல்லர் பணத்தில் பழையபடி கட்டி எழுப்பினார்கள். தெருவில் நடப்பவர், கொல்லர், அச்சுக்கோப்பவர், பொய்முடி செய்பவர் எல்லோரும் அந்தக் கால உடையில் அந்தக் கால வேலையையே செய்கிறார்கள். செங்கல் அறுக்கும் இடத்தில் குழியில் களிமண்ணும் தண்ணீரும் விட்டிருந்தார்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்கலாம். என் மகள் முழங்கால் வரை சேறாக வெளியே வந்தாள். கவர்னர் மாளிகையைப் பற்றி இன்று கேட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது, களிமண் எப்படிக் காலைக் கவ்வும் என்பதைப் பத்து நிமிடம் சொல்வாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஊரில் அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைகள். மீட்டுக் கட்டி ஐம்பது வருடம் வரை அவர்களைப் பற்றி அங்கே பேச்சே கிடையாது, அழகான வீடும் தோட்டமும்தான். 1979-இல்தான் கறுப்பினக் கலைஞர்கள் அந்த மனிதர்களாக நின்று பேசத் தொடங்கினார்கள். 1994-இல் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டியபோது பெரிய எதிர்ப்பு வந்தது, வந்தவர்களே அழுதார்கள். நாங்கள் போன அன்று ஒரு வீட்டின் பின்புறச் சமையற்கட்டில் ஓர் அம்மா நின்றுகொண்டு, விடியலுக்கு முன் எழுந்து விறகு சுமப்பதைப் பற்றிச் சொன்னார். என் மகளின் வகுப்பில் ஒரு கறுப்பினப் பெண் உண்டு. அது வரை கடைசி வரிசையில் நின்ற பிள்ளை அங்கே முன்னால் வந்து நின்றது. எதுவும் கேட்கவில்லை, நின்றது, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கதையும் அதுவும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் நம் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது டீச்சர். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நீங்கள் ஏன் பின்வாசல் வழியாக உள்ளே போகக் கூடாது?

கண்ணாடிக் கல்:

ஆத்தங்குடியில் தளக்கல் போடும் தொழில், இருபது வருடமாக. பிள்ளைகள் தாராளமாக வரலாம். எங்கள் பட்டறை என்று இல்லை, கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் விடுவார்கள்.

சிலவற்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். இதில் சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடித் தகடு, அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு அச்சை ஆடாமல் அசையாமல் மேலே தூக்க வேண்டும். பிள்ளைகள் தோற்பது இந்த இடத்தில்தான், சிவப்பு மஞ்சளோடு கலந்துவிடும். பரவாயில்லை, அப்படி ஓடிப்போன கல்லைத்தான் அவர்கள் பிறகு தேடிப் பார்ப்பார்கள். அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டப்படுத்துவோம். ஒரு நாள் காய்ந்து, சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, மறுபடி காய்ந்த பிறகு கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது, மெருகு போட்டது இல்லை.

ஆகவே அன்றைக்கே கையில் கல் கிடைக்காது. முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாற்றம். பள்ளிச் சீருடை வேண்டாம், வண்ணம் துணியில் பட்டால் போகாது. காலை பத்து மணிக்குள் வாருங்கள். பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம், எங்களுக்கும் அன்றையக் கூலி ஓட வேண்டும் அல்லவா?

நாலாம் வகுப்பு டீச்சர்:

போய் வந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பருவத் தேர்வு குறுக்கே வந்துவிட்டது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. ஆச்சி சொன்னபடி மூத்த பங்காளியிடம் கேட்டேன். அவர் சென்னையில் இருக்கிறார். போனிலேயே ‘சுவரில் கிறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொன்னார். ரிச்மண்ட் தம்பி சொன்னபடி வேனைப் பின்தெருவில் நிறுத்தினேன்.

என் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பத்தா அதே ஊரில் இருபது வருடம் நெல் குத்தியவர். அவரைக் கூட வரச் சொல்லியிருந்தேன். முதலில் ‘நான் எதற்கு?’ என்றார். ‘பிள்ளைகளுக்கு உரல் காட்ட எனக்குத் தெரியாது’ என்றேன். அது உண்மையும்கூட. பின்வாசலில் நுழைந்ததும் நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. கிணற்றடி, விறகுக் கொட்டில், உரல், அடுப்படி என்று அவர் முன்னால் நடந்தார், 34 பிள்ளைகளும் பின்னால். உரல் இருந்த இடத்தில் கல் தரை ஓர் ஓரத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது. ‘இது என்ன?’ என்று ஒருவன் கேட்டான். ‘நாங்கள் நின்ற இடம்’ என்றார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்தும்போது கால் மாற்றி வைக்கிற இடம். பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தத் தேய்மானத்தில் கால் வைத்துப் பார்த்தார்கள். உலக்கை இல்லாமலேயே ‘உஸ், உஸ்’ என்று மூச்சு விட்டுக் குத்தினார்கள். அதற்கே கால் மணி நேரம் போயிற்று, நான் அவசரப்படுத்தவில்லை.

கிணற்றில் ஆளுக்கு ஒரு வாளி. வாளி மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிட்டது. முப்பது வாளி இறைத்தால்தான் ஓர் அண்டா நிறையும் என்று தெரிந்ததும், ‘டீச்சர், குளிக்காமல் இருந்திருப்பார்களோ?’ என்று ஒரு சந்தேகம். திருகையில் உளுந்து உடைத்தது நல்ல யோசனை ஆச்சி. பாதி உளுந்து தரையில் சிதறியது, அதைப் பொறுக்குவதே தனி விளையாட்டாகிவிட்டது.

பிறகுதான் வளவு, அதன் பிறகு பட்டாலை. அதாவது வீட்டைத் தலைகீழாகப் பார்த்தோம். அடுப்படிப் புகைக்கரியைப் பார்த்துவிட்டு வந்ததால், முன்கட்டுக்கு வந்ததும் ஒருத்தி கேட்டாள்: ‘இந்த இடத்தைத் துடைத்தது யார்?’ போன வருடம் இந்தக் கேள்வி வரவில்லை. எல்லோரும் மல்லாக்கப் படுத்தார்கள். இரண்டு பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். மேலே இருக்கிற பர்மாத் தேக்கைக் காட்டிப் புளியங்கொட்டை விளையாட்டை ஞாபகப்படுத்தினேன். (வகுப்பில் முந்தின நாளே ஆடியிருந்தோம். எதிர்பார்த்தபடி அழுகை, ஒரு கிள்ளல்.) ‘அப்படியென்றால் இந்தத் தூண் யாருடைய பலகை?’ என்று கேட்டான் கிள்ளு வாங்கியவன். கோட்டையூர் அண்ணன் அங்கே இருந்திருக்க வேண்டும்.

முகப்புக்கு வந்ததும் அந்த அப்பத்தாவைத் திண்ணையில் உட்காரச் சொன்னேன். காவலுக்கு இருப்பவரும் சொன்னார். ‘தரை சில்லென்று இருக்கும், மூட்டு வலிக்கும்’ என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பின்வாசலுக்குத் திரும்பிப் பின்தெருவுக்கு நடந்து போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். முன்வாசல் வழியாகவே இறங்கிப் போயிருக்கலாம், அருகில்தான் படி. நான் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி மட்டும் திண்ணையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிக் கல் அண்ணன் சொன்னதைக் கேட்காமல் வீட்டை முதலில் வைத்துக்கொண்டது என் தப்பு. ஆத்தங்குடி போய்ச் சேரும்போது பதினொன்றரை மணி, நல்ல வெயில். இருந்தும் முகம் கோணாமல் சொல்லிக்கொடுத்தார்கள். குழுவுக்கு ஒன்றாக நான்கு கல் போட்டோம். அச்சைத் தூக்கும்போது மூன்றில் வண்ணம் ஓடிவிட்டது. நான்காவதை ஊற்றியது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவனுடைய அப்பா கொத்தனார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் நான்கு வரி எழுதச் சொன்னேன். இந்த முறை ஐஸ்காரர் வரவில்லை, அதனால் ஒப்பிடுவது நியாயம் இல்லை. உரலடித் தேய்மானத்தைப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருத்தி வீட்டின் படம் வரைந்திருந்தாள், பின்வாசல் மட்டும் பெரிதாக, முன்வாசல் ஒரு கோடு.

கல் நான்கும் இன்னும் பட்டறையிலேயே இருக்கின்றன. சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் போய் எடுத்து வர வேண்டும். நாலு கல் என்ன கனம் இருக்கும் அண்ணன், ஒரு பையில் தூக்கிவிடலாமா?

கண்ணாடிக் கல்:

இரண்டு பை கொண்டு வாருங்கள் டீச்சர். கற்களுக்கு நடுவில் பழைய துணி வைத்துக்கொள்ளுங்கள், பஸ் குலுங்கினால் முனை உடையும். அந்தப் பையனையும் கூட்டி வாருங்கள், இன்னொரு கல் போட்டுப் பார்க்கட்டும்.